மைதானத்தில் தெரியும் மனம்

(பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் மாணவருக்கும் ஒரு பாடம்)



நம் வீடுகளில் ஒரு பிள்ளை பத்தாம் வகுப்புக்கோ பன்னிரண்டாம் வகுப்புக்கோ போனவுடன் முதலாவது நிறுத்தப்படுவது எது? விளையாட்டுத்தான். மாலையில் பந்தோடு வெளியே ஓடினவன் இனிப் புத்தகத்தோடு உட்கார வேண்டும். பள்ளிக்கூடத்திலும் பல இடங்களில், கால அட்டவணையில் எழுதியிருக்கும் பி.டி. பீரியட் மெதுவாகக் கணக்குப் பாடத்துக்கோ விஞ்ஞானப் பாடத்துக்கோ போய்விடுகிறது. "ஒரு வருஷந்தானே, அப்புறம் ஆசை தீர விளையாடட்டும்" என்று நாமே நமக்கு ஆறுதல் சொல்லிக் கொள்ளுகிறோம். இதில் கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை. பிள்ளை முன்னுக்கு வரவேண்டும் என்ற அன்புதான் நம்மை இப்படிச் செய்யச் சொல்லுகிறது.

ஆனால் அந்த அன்பு ஒன்றை மறந்துவிடுகிறது. விளையாட்டு, படித்து முடித்தவனுக்குக் கொடுக்கப்படும் கூலி அன்று. வளரும் பிள்ளையின் மனதுக்கு அது ஆகாரம். அதுமட்டுமன்று. பிள்ளையின் மனம் சுகமாயிருக்கிறதா, வாடியிருக்கிறதா என்பதைப் பெரியவர்களுக்குக் காட்டும் கண்ணாடியும் அதுவே. இவ்விரண்டு காரியங்களையும் இவ்வாரம் சற்று நிதானமாய் ஆராய்வோம்.

திருச்சபையின் எண்ணம்

விளையாட்டு வெறும் உலகக் காரியம், பக்திக்கு அது இடையூறு என்று நினைக்கிறவர்கள் நம்மில் உண்டு. திருச்சபையின் போதகம் அப்படியன்று. அர்ச். சின்னப்பர் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் 9-ம் அதிகாரத்தில், ஞான ஜீவியத்தை விளக்குவதற்கு ஓட்டப் பந்தயத்தையும் குத்துச்சண்டையையும் உவமையாக எடுக்கிறார். கொரிந்துப் பட்டணத்துக்குச் சமீபத்திலிருந்த இஸ்த்மியா என்னும் இடத்தில் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை பெரிய விளையாட்டு விழா நடப்பது வழக்கம். கேட்பவர்களுக்கு நன்றாய்த் தெரிந்ததைக் கொண்டே அப்போஸ்தலர் பேசினார். அதை இழிவாக அவர் நினைக்கவில்லை.

13-ம் நூற்றாண்டில் வாழ்ந்த அர்ச். அக்வினாஸ் தோமையார் இந்த விஷயத்தை இன்னும் ஆழமாய் ஆராய்ந்தார். வேதசாஸ்திரத்தைத் தொகுத்து அவர் எழுதிய பெரிய நூலில் விளையாட்டைப் பற்றியே தனியாகச் சில பகுதிகள் இருக்கின்றன. உழைத்த சரீரம் இளைப்பாற வேண்டியது போல, புத்தியால் உழைத்த ஆத்துமமும் இளைப்பாற வேண்டும். அந்த இளைப்பாறுதலே விளையாட்டு என்பது அவருடைய முடிவு. இதற்குச் சான்றாக அவர் ஒரு பழைய கதையை எடுத்துச் சொல்லுகிறார். சுவிசேஷகரான அர்ச். அருளப்பர் தம் சீஷர்களோடு விளையாடிக் கொண்டிருந்ததைக் கண்டு சிலர் இடறலடைந்தார்களாம். அவர்களில் ஒருவன் கையில் வில் இருந்தது. அம்பு எய்யும்படி அருளப்பர் அவனிடம் சொன்னார். அவனும் பலமுறை எய்தான். "இப்படியே ஓயாமல் எய்து கொண்டிருக்க முடியுமா?" என்று அவர் கேட்டபோது, வில் ஒடிந்துபோகும் என்று அவன் பதில் சொன்னான். மனித மனமும் அப்படித்தான் என்று அவர் விளக்கினாராம். விளையாட்டு அளவுக்கு மிஞ்சினால் குற்றம் என்று சொல்லும் தோமையார், விளையாட்டே இல்லாமல் தானும் மகிழாமல் பிறர் மகிழ்ச்சிக்கும் தடையாய் இருப்பதுங்கூடக் குற்றமே என்று அதே நூலில் சொல்லுகிறார்.

பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை நாணேற்றிய வில். அதை இறக்கி வைக்க நேரம் கொடுக்காதவன் வில்லுக்கு நன்மை செய்கிறவனல்லன்.

தூரின் நகரத்து மைதானம்

இந்தப் போதகத்தைக் கண்ணால் காணும்படி நடத்திக் காட்டியவர் அர்ச். தொன் போஸ்கோ. 1815-ம் வருஷம் இத்தாலியாவின் வடபாகத்தில் ஒரு குடியானவர் குடும்பத்தில் பிறந்து, இரண்டு வயது நிறையுமுன்னே தகப்பனாரை இழந்தவர் அவர். சிறுவனாயிருந்தபோது சந்தைகளில் வித்தை காட்டுகிறவர்களை உற்றுப் பார்த்து, கயிற்றின்மேல் நடக்கவும் கரணம் போடவும் கற்றுக் கொண்டார். ஊர்ப் பிள்ளைகளைக் கூட்டி வைத்து வித்தை காட்டி, நடுவிலே ஜெபமாலை சொல்லுவித்து, கோவிலில் கேட்ட பிரசங்கத்தையும் அவர்களுக்குத் திருப்பிச் சொல்லுவார்.

1841-ல் குருப்பட்டம் பெற்றுத் தூரின் நகரத்தில் ஊழியம் தொடங்கிய அவரைத் தேடி வந்தவர்கள், கொத்து வேலைக்கும் புகைபோக்கி சுத்தம் செய்யும் வேலைக்கும் வந்த ஏழைச் சிறுவர்கள். சிலர் சிறையிலிருந்து வெளிவந்தவர்கள். பிள்ளைகள் போடும் சத்தத்தைப் பொறுக்காமல் அவரை இடத்துக்கு இடம் துரத்தினார்கள். வாடகைக்கு எடுத்த ஒரு புல்வெளியிலிருந்து, பிள்ளைகள் மிதித்து மிதித்துப் புல் வேரோடு அழிகிறது என்று சொல்லி வெளியேற்றினார்கள். கடைசியாக 1846-ம் வருஷம் உயிர்த்த ஞாயிறன்று வால்டோக்கோ என்னும் இடத்தில் ஒரு கொட்டகை அவருக்குக் கிடைத்தது. அங்கே கோவிலுக்கு அடுத்தாற்போல் மைதானமும் இருந்தது. குதிக்கவும் ஓடவும் சத்தமிடவும் பிள்ளைகளுக்கு வேண்டிய சுதந்திரம் கொடுக்க வேண்டும் என்பதை 1877-ல் தாம் எழுதிய கல்வி முறையில் அவர் ஒரு விதியாகவே வைத்தார். ஒழுங்குக்கும் ஆரோக்கியத்துக்கும் நல்லொழுக்கத்துக்கும் அதைவிடச் சிறந்த துணை வேறில்லை என்பது அவருடைய அனுபவம். அவருடைய சபைக் குருக்கள் 1906-ல் தஞ்சாவூருக்கு வந்து இந்த முறையை நம் நாட்டிலும் ஊன்றினார்கள்.

துக்கமாயிருந்த ஒரு மாணவன்

வால்டோக்கோவுக்கு 1854-ம் வருஷம் அக்டோபர் மாதத்தில் சாவியோ தோமினிக் என்ற 12 வயதுப் பையன் படிக்க வந்தான். அடுத்த வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒவ்வொருவரும் அர்ச்சியசிஷ்டவராக வேண்டும் என்ற பிரசங்கம் அவன் மனதில் ஆழமாய்ப் பதிந்தது. அன்று முதல் அவன் போக்கு மாறியது. முகத்தில் மலர்ச்சி இல்லை, தோழரோடு விளையாடவில்லை, தனியாய் ஒதுங்கி யோசனையில் ஆழ்ந்திருந்தான்.

வேறொருவராயிருந்தால் "எவ்வளவு அடக்கமான பையன்! விளையாட்டுப் புத்தியே இல்லை!" என்று மெச்சியிருப்பார். நம்மில் எத்தனை பேர் அப்படித்தான் மெச்சுகிறோம்! தொன் போஸ்கோ மெச்சவில்லை, அவர் கவலைப்பட்டார். பிள்ளைக்கு உடம்பு சரியில்லையோ என்று நினைத்து, அருகே அழைத்து விசாரித்தார். காரணத்தை அறிந்தவுடன், அவன் நல்ல ஆசையைப் புகழ்ந்தார். ஆனால் மனக் கலக்கத்தை விட்டுவிடச் சொன்னார். எப்போதும் அளவான சந்தோஷத்தோடு இருக்க வேண்டும், ஜெபத்திலும் படிப்பிலும் தன் கடமையைச் செய்ய வேண்டும், தோழர்களோடு தவறாமல் விளையாட வேண்டும் என்பதே அவர் கொடுத்த புத்தி. பின்னால் அவன் மறைவாகச் செய்யத் தொடங்கிய கடும் தபசுகளையும் தடுத்துவிட்டார்.

அந்தப் பையன் 1857-ல், 15 வயது நிறையுமுன் மரித்தான். 1954-ல் பரிசுத்த பிதா பன்னிரண்டாம் பத்திநாதர் அவனுக்கு அர்ச்சியசிஷ்ட பட்டம் கொடுத்தார். பீடத்துக்கு உயர்த்தப்பட்ட இந்த மாணவனுக்கு அவனுடைய ஞானத்தந்தை எழுதிக் கொடுத்த மருந்துச் சீட்டில் விளையாட்டும் ஒன்று என்பதைப் பெற்றோர் நினைவில் வைப்பது நலம்.

1884-ம் வருஷத்துக் கடிதம்

வயதாகி உடல் தளர்ந்த காலத்தில், 1884 மே மாதம், உரோமையிலிருந்து தொன் போஸ்கோ தம் பிள்ளைகளுக்கு ஒரு கடிதம் எழுதினார். அதில் தாம் கண்டதாக இரண்டு மைதானங்களை வர்ணிக்கிறார். முதலாவது, பழைய நாட்களின் மைதானம்: ஓட்டமும் பாட்டும் சிரிப்பும் நிறைந்தது, குருக்களும் பிள்ளைகளோடு கலந்திருந்தார்கள். இரண்டாவது, பிற்கால மைதானம்: சிலர் தூண்களில் சாய்ந்து நின்றார்கள்; சிலர் படிக்கட்டுகளில் தனியே உட்கார்ந்தார்கள்; சிலர் குசுகுசுவென்று பேசினார்கள்; விளையாடிய சிலருக்கும் அதில் ருசியில்லை. பெரியவர்களோ ஒருபுறம் தங்களுக்குள் பேசிக் கொண்டு உலாவினார்கள்.

இந்த வேறுபாட்டுக்கு அவர் கண்ட காரணம் இதுதான்: பெரியவர்கள் பிள்ளைகளை நேசித்தால் மட்டும் போதாது, தாங்கள் நேசிக்கப்படுகிறோம் என்று பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும். பிள்ளைகளுக்குப் பிரியமானதில் பெரியவர்களும் பிரியம் காட்டும்போதுதான் அது தெரியும். அப்போது பிள்ளை தன் மனதைத் திறக்கும். அந்த நெருக்கம் குறைந்த இடத்தில் தேவத்திரவிய அனுமானங்களிலும் ஆர்வம் குறைந்து போகிறது என்றும் அவர் வருந்தி எழுதினார்.

பார்த்தீர்களா? மதிப்பெண் பட்டியலை அவர் பார்க்கவில்லை, மைதானத்தைப் பார்த்தார். தூணில் சாய்ந்து நின்ற பிள்ளை அவருக்கு ஒரு செய்தி சொன்னான்.

இக்கால விஞ்ஞானம் சொல்வது

அனுபவத்தால் அவர் அறிந்ததை இன்று வைத்தியர்களும் மனோதத்துவ நிபுணர்களும் ஆராய்ந்து சொல்லுகிறார்கள். ஓடியாடி விளையாடும்போது மூளைக்கு இரத்த ஓட்டம் மிகுகிறது; மனதுக்கு இதமளிக்கும் சில இரசாயனப் பொருள்கள் உடலில் சுரக்கின்றன; இரவில் தூக்கம் நன்றாய் வருகிறது. தூக்கம் கெட்டால் ஞாபகமும் பொறுமையும் கெடும் என்பது எல்லோரும் அறிந்ததே. இன்னுமொன்று: பயப்படும் பிள்ளைக்கு நெஞ்சு படபடக்கும், மூச்சு வாங்கும், வியர்க்கும். மைதானத்திலும் இவையெல்லாம் நேரிடுகின்றன. ஆனால் ஆபத்து ஒன்றும் வருவதில்லை. படபடப்பு வந்தாலும் அது தானே அடங்கிவிடும் என்பதை உடம்பு அங்கே பழகிக் கொள்ளுகிறது. பரீட்சை மண்டபத்தில் அந்தப் பழக்கம் கைகொடுக்கும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, தோற்பதற்குப் பழகும் இடம் மைதானம். சடுகுடுவில் இன்று பிடிபட்டவன் நாளைக்கும் பாடிக் கொண்டு எதிர்க்களத்துக்குள் நுழைகிறான். நூறு முறை சிறுசிறு தோல்விகளைக் கண்டு மீண்டவனுக்கு, ஒரு பரீட்சையில் தோற்றால் உலகமே முடிந்துவிட்டது என்று எளிதில் தோன்றாது. பரீட்சை முடிவு வெளியாகும் நாட்களில் சில வீடுகளில் விழும் இடியை நினைத்தால் இது எவ்வளவு பெரிய பாடம் என்று விளங்கும்.

5 முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு நாளொன்றுக்குச் சராசரி 60 நிமிஷமாவது மூச்சு வாங்கும்படியான உடலசைவு வேண்டும் என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2020-ல் வெளியிட்ட வழிகாட்டி சொல்லுகிறது. ஆனால் 2016-ம் வருஷத்துக் கணக்கின்படி, உலகத்தில் 11 முதல் 17 வயது வரையுள்ள மாணவரில் நூற்றுக்கு 81 பேருக்கு அந்த அளவு கிடைக்கவில்லை. ஆண் பிள்ளைகளில் 78 பேர். பெண் பிள்ளைகளிலோ 85 பேர்.

இந்தக் கடைசி எண்ணைத் தாய்மார் கவனிக்க வேண்டும். பையன் தெருவில் பந்தடிக்கப் போவான்; பெண் வயதுக்கு வந்த நாளோடு அவளுடைய கிளித்தட்டும் பாண்டியாட்டமும் முடிந்து போகும். மனமும் பயமும் பரீட்சையும் இருவருக்கும் ஒன்றுதானே? இளைப்பாறுதலை மட்டும் ஏன் ஒருவருக்கு மறுக்க வேண்டும்? கன்னியர் மடப் பள்ளிகளிலும் பங்கின் பெண்கள் சபைகளிலும் பெண் பிள்ளைகள் கூச்சமின்றி விளையாடுவதற்கு இடமும் நேரமும் ஒதுக்குவது தர்மம்.

எல்லா விளையாட்டும் மருந்தாகுமா?

ஆகாது. மருந்தும் அளவோடும் முறையோடும் கொடுக்கப்பட வேண்டும். 9 முதல் 13 வயது வரையுள்ள 11,000-க்கு மேற்பட்ட அமெரிக்கப் பிள்ளைகளைப் பற்றி 2022-ல் வெளியான ஓர் ஆராய்ச்சி, குழுவாக விளையாடும் பிள்ளைகளிடம் மனச்சோர்வு, கலக்கம் முதலிய குறைகள் விளையாடாதவர்களைவிடக் குறைவாயிருக்கக் கண்டது. தனியாள் போட்டிகளில் மட்டும் ஈடுபட்டவர்களிடமோ, விளையாட்டே இல்லாதவர்களைவிட அவை சற்று அதிகமாயிருந்தன. இது ஒன்றோடொன்று சேர்ந்து வருவதைக் காட்டுகிறதேயன்றி, ஒன்றே மற்றதற்குக் காரணம் என்று தீர்ப்புச் சொல்லவில்லை. தனியாள் விளையாட்டை வெறுக்கவும் வேண்டாம். ஆயினும் யோசிக்க இடமுண்டு. எல்லோரும் தன்னையே பார்க்க, வெற்றி தோல்வி இரண்டையும் தனியாகவே சுமக்கும் பிள்ளைக்கு, மைதானம் இன்னொரு பரீட்சை மண்டபமாகிவிடக் கூடும். குழுவிலோ தோல்வியின் பாரத்தைப் பதினொரு தோள்கள் சுமக்கின்றன.

ஆகையால் பிள்ளை விளையாடினால் போதும் என்றிருக்காமல், எப்படி விளையாடுகிறது என்றும் பார்க்க வேண்டும். கோப்பைக்காகவே வதைக்கப்பட்டு, தவறினால் எல்லோர் முன்னிலையிலும் வசைமொழி கேட்கும் பிள்ளைக்கு விளையாட்டு காயமாகவே முடியும். திறமையில்லாதவர்களை எல்லைக்கோட்டுக்கு வெளியே எப்போதும் நிறுத்தி வைப்பது இன்னொரு காயம். விளையாட்டைப் பற்றி 2018 ஜூனில் உரோமையிலிருந்து வெளியான ஏடும், விளையாட்டு முழு மனிதனுக்கும் நன்மை பயக்க வேண்டும் என்பதையே வலியுறுத்துகிறது. ஞாயிறு பூசையைத் தள்ளிவிட்டு ஆடும் பந்தயமும், இரவெல்லாம் செல்போனில் விரல் மட்டும் ஆடும் ஆட்டமும் நாம் இங்கே சொல்லும் விளையாட்டில் சேரமாட்டா.

விளையாட மறுக்கும் பிள்ளை

இப்போது மிகவும் அவசியமான காரியத்துக்கு வருகிறோம். நேற்றுவரை விளையாட ஓடிய பிள்ளை, தோழர் வந்து கூப்பிட்டாலும் போகாமல் அறையில் அடைந்து கிடந்தால், "இப்பொழுதுதான் பொறுப்பு வந்திருக்கிறது" என்று சந்தோஷப்பட அவசரப்படாதீர்கள். முன்பு பிரியமாயிருந்தவற்றில் பிரியம் அற்றுப் போவது மனச்சோர்வு என்னும் நோயின் முக்கிய அடையாளங்களில் ஒன்று. அதனோடு தூக்கமும் பசியும் மாறி, காரணமில்லாத எரிச்சலும், "நான் எதற்கும் உதவாதவன்" என்ற பேச்சும் சேர்ந்து இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் வைத்தியரிடம் காட்ட வேண்டும். உயிரை வெறுக்கும் பேச்சு ஒருமுறை வந்தாலும் இரண்டு வாரம் காத்திருக்கலாகாது. உடனே உதவி தேட வேண்டும், பிள்ளையைத் தனியே விடவும் கூடாது. மனநோய்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு 14 வயதுக்குள்ளேயே தொடங்குகின்றன என்று உலக சுகாதார ஸ்தாபனம் சொல்லுகிறது.

இது பேயுமன்று, பாவத்தின் தண்டனையுமன்று, சோம்பலுமன்று. காய்ச்சலுக்கு வைத்தியரைத் தேடுவது போல இதற்கும் தேட வேண்டும். ஜெபமும் சங்கீர்த்தனமும் ஆத்துமத்துக்குப் பலம் தரும். வைத்தியத்தை விலக்கும்படி அவை நமக்குக் கொடுக்கப்படவில்லை. விளையாட்டும் அப்படியே: அது துணை மருந்து, கடும் நோய்க்கு அது மட்டும் போதாது. இந்திய அரசாங்கம் 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் என்னும் சேவையில், 14416 என்ற இலக்கத்துக்கு எந்நேரமும் இலவசமாய்ப் பேசி, தமிழிலேயே ஆலோசனை பெறலாம்.

என்ன செய்யலாம்?

பெற்றோரே, பரீட்சை வருஷத்திலும் மாலையில் ஒரு மணி நேரத்தைப் பிள்ளைக்கு விடுங்கள். அந்த நேரத்தைத் தண்டனையாகப் பறிக்காதீர்கள். "மார்க் வாங்கினால் விளையாடலாம்" என்று பேரமும் பேசாதீர்கள். வாரத்தில் ஒருநாளாவது மைதானத்தோரம் போய் நில்லுங்கள். வீடு திரும்பும் வழியில், முகம் பார்த்து உட்காரும்போது சொல்லாததைப் பிள்ளை நடந்துகொண்டே சொல்லக்கூடும்.

ஆசிரியர்களே, பி.டி. பீரியட்டைக் கடன் வாங்காதீர்கள். மைதானத்தில் யார் தனியே நிற்கிறான் என்று பாருங்கள். அவன் பெயரை மனதில் குறித்துக் கொண்டு, அன்றைக்கே ஒரு நல்ல வார்த்தை பேசுங்கள்.

மாணவர்களே, உங்கள் குழுவில் சேர்க்கப்படாமல் ஓரமாய் நிற்கும் தோழனைக் கூப்பிடுங்கள். அவன் பந்தைத் தவறவிடுவான், விடட்டும். அன்று நீங்கள் ஓர் ஆட்டத்தில் தோற்கலாம். ஒரு சகோதரனை ஆதாயப்படுத்திக் கொள்ளுவீர்கள்.

பங்கின் வாலிபர் சபையாரே, கோவில் வளாகத்தில் காலியாய்க் கிடக்கும் இடம் எத்தனை நாள் பூட்டியிருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். ஞாயிறு ஞானோபதேசத்துக்குப் பின் அரைமணி நேரம் அதைத் திறந்து விட்டு, பெரியவர்களில் இருவர் கூட நின்றால் போதும். அதற்குச் செலவு ஒரு பந்து.

எருசலேமுக்கு வரப்போகும் சமாதான காலத்தைச் சக்கரியாஸ் தீர்க்கதரிசி தம் ஆகமத்தின் 8-ம் அதிகாரத்தில் வர்ணிக்கும்போது, முதிர்ந்தவர்கள் கோலூன்றி வீதியில் உட்கார்ந்திருப்பதையும், அந்த வீதிகள் விளையாடும் சிறுவர் சிறுமியரால் நிறைந்திருப்பதையும் காண்கிறார். சர்வேசுரன் ஆசீர்வதித்த ஊருக்கு அடையாளம் அது. நம் தெருவில் அந்தச் சத்தம் கேட்கிறதா என்று இன்று மாலை சற்றுக் காது கொடுத்துக் கேட்போமாக.